முகிலிலும் தீப்பிடிக்கும்

சென்ற தவணையில் ஒரு நாள் உயர்தர வகுப்பு மாணவன் ஒருவன் சிரித்த முகத்துடன் வகுப்புக்கு வந்தான். முதல்நாள் மாலை அவனுடைய கைத்தொலைபேசி கிணற்றுக் கட்டிலிருந்து தவறித் தண்ணீருக்குள் வீழ்ந்துவிட்டதாம். “கவலையாக இல்லையா?” என்று கேட்டேன். “இல்லை, சேர். படங்கள், பாடக்குறிப்புகள் எல்லாம் முகிலில் இருக்கின்றன. புதுத் தொலைபேசி வாங்கினால் அத்தனையும் திரும்ப வந்துவிடும்” என்றான். “அந்த முகில் எங்கே இருக்கின்றது?” என்று அடுத்த வினாவைத் தொடுத்தேன். அவன் அண்ணாந்து கூரையைப் பார்த்தான். வகுப்பே சிரித்தது. ஆயினும் சிரித்தவர்களுள் ஒருவருக்கேனும் விடை தெரிந்திருக்கவில்லை.

அவ்வினாவுக்கு விடை தேடப் புகுந்தால், நமது காலத்தின் பெரியதொரு கவலையிற் போய் நிற்போம். வங்கியிலுள்ள நமது பணத்தின் கணக்கு, வைத்தியசாலையிலுள்ள நமது நோயின் வரலாறு, பரீட்சைப் பெறுபேறு, கடல் கடந்து வாழும் பிள்ளை அனுப்பிய பேரக்குழந்தையின் படம் ஆகிய யாவும் இன்று எங்கோ ஓர் இடத்தில் வைக்கப்பட்டுள்ளன. அந்த இடத்துக்குத் தீயோ வெள்ளமோ வந்தால் அவை என்னாகும்? முன்னேற்பாடு செய்தவர் எவ்வாறு தப்பினர்? செய்யாதவர் எவற்றை இழந்தனர்? இவற்றைச் சிறிது ஆராய்வோம்.

முகில் என்னும் கட்டடம்

முகில் என்று நாம் வழங்குவது வானத்தில் மிதப்பதொன்றன்று. கல்லாலும் உருக்காலும் நிலத்தின்மேல் எழுப்பிய கட்டடமே அது. தரவு நிலையம் என்பது அதன் பெயர். நூலகத்தில் அலுமாரிகள் நிற்பதுபோல அங்கே இரும்புச் சட்டங்கள் வரிசை வரிசையாக நிற்கும். ஒவ்வொரு சட்டத்திலும் தட்டுத் தட்டாகக் கணினிகள் அடுக்கப்பட்டிருக்கும். அவை இரவு பகல் ஓய்வதில்லை. ஓயாது உழைப்பதனாற் சூடாகின்றன; அச்சூட்டைத் தணிக்கக் குளிர்காற்று ஓயாது வீசப்படுகின்றது. சர்வதேச சக்தி முகவரகத்தின் கணிப்பின்படி, 2024ஆம் ஆண்டில் உலகத் தரவு நிலையங்கள் யாவும் சேர்ந்து ஏறக்குறைய 415 தெராவாற்று மணி மின்சாரத்தை நுகர்ந்தன. இது உலகின் மொத்த மின் நுகர்வில் ஒன்றரை வீதம்; இலங்கை முழுவதும் ஓராண்டிற் பயன்படுத்தும் மின்சாரத்தைப் போல் இருபது மடங்குக்கும் மேற்பட்டது.

இத்தகைய கட்டடத்துக்கு வேண்டுவன மூன்று: அறாத மின்சாரம், குறையாத குளிர், அந்நியர் புகாத காவல். இவற்றுள் ஒன்று தவறினும் உள்ளிருக்கும் உலகம் நின்றுவிடும். மூன்றையும் ஒருங்கே அழிக்க வல்லது தீ.

றைன் நதிக்கரையில் ஓர் இரவு

பிரான்சு நாட்டின் கிழக்கெல்லையில், றைன் நதிக்கரையில் ஸ்ராஸ்பூர்க் என்னும் நகரம் உள்ளது. ஐரோப்பாவின் பெரிய கணினிச் சேவை நிறுவனங்களுள் ஒன்றான ஓ.வி.எச். அங்கே நான்கு தரவு நிலையங்களை ஒரே வளவுக்குள் அமைத்திருந்தது. 2021 மார்ச் 10ஆந் திகதி, நள்ளிரவு கடந்து ஒரு மணி ஆகுமுன், அவற்றுள் ஒன்றிலே தீ மூண்டது. ஐந்து மாடிகள் கொண்ட அக்கட்டடம் முற்றாக எரிந்தொழிந்தது. அயற்கட்டடத்திற் பன்னிரண்டு அறைகளுள் நான்கு அழிந்தன. எஞ்சிய இரண்டும் மின்சாரம் துண்டிக்கப்பட்டு இருளில் நின்றன. பிரான்சும் யேர்மனியும் கூட்டாக வைத்திருந்த தீயணைப்புப் படகொன்று நதியிலிருந்தே நீரை இறைத்து ஊற்ற வேண்டியதாயிற்று. நல்லூழாக உயிர்ச்சேதம் எதுவும் நேரவில்லை. ஆனால், ஏறத்தாழ 36 இலட்சம் இணையத்தளங்கள் அவ்விரவில் மறைந்தன என்று கணக்கிடப்பட்டது. அரசாங்கத் திணைக்களங்கள், வங்கிகள், கடைகள், செய்தித் தளங்கள் என்று அவை பலதிறத்தன.

தீயணைப்புப் படையினரின் அறிக்கை பின்னர் கூறியவை நெஞ்சில் நிறுத்தத்தக்கவை. அக்கட்டடத்தில் தீயைத் தானாகவே அணைக்கும் கருவி இருக்கவில்லை. மின்சாரம் முழுவதையும் ஒருங்கே துண்டிக்கும் ஆளியும் இருக்கவில்லை. மின்னோட்டத்தை நிறுத்துவதற்கு மட்டும் மூன்று மணி நேரம் சென்றது. மாடித் தளங்கள் மரத்தாலானவை. ஒரு மணி நேரமே தீயைத் தாங்கத்தக்கவை. இவற்றுக்கெல்லாம் மேலாக, வெளிக்காற்றைக் கொண்டே கணினிகளைக் குளிர்விக்கும் பொருட்டுக் கட்டடத்தின் நடுவே திறந்தவெளி விடப்பட்டிருந்தது. மின்சாரத்தைச் சிக்கனப்படுத்தும் நல்ல நோக்கத்தோடு அமைத்த அந்தக் காற்றுவழி, தீ மூண்ட வேளையிற் புகைபோக்கியாக மாறிச் சுவாலையை மேலே இழுத்தது.

வருமுன் காத்தலின் அருமையைச் சொல்லவந்த வள்ளுவர் நெருப்பையே உவமையாக எடுத்துக்கொண்டார். அவ்வுவமையின் பொருத்தத்தை அன்று அதிகாலையிற் பலர் உணர்ந்தனர். நிறுவனத்தின் தாபகர் தம் வாடிக்கையாளருக்கு விடுத்த செய்தியின் சாரம் ஒன்றே: உங்கள் அனர்த்த மீட்புத் திட்டத்தைச் செயற்படுத்துங்கள் என்பது. திட்டம் வைத்திருந்தோர் செயற்படுத்தினர்; சில மணி நேரத்தில் வேறொரு நகரத்துக் கணினிகளிலிருந்து எழுந்து நின்றனர். அப்படியொன்று வேண்டுமென்றே எண்ணியிராதோர் கைபிசைந்து நின்றனர். மூன்றாவது வகையினரே மிகவும் இரங்கத்தக்கவர். அவர்கள் மேலதிகப் பணம் செலுத்தி மாற்றுப்பிரதி வைத்திருந்தனர். ஆனால் அப்பிரதியும் எரிந்த அதே வளவிலேயே இருந்தது. அவ்வாறு இழந்த வாடிக்கையாளர் ஒருவர் தொடுத்த வழக்கில், இழப்பீடு வழங்குமாறு 2023ஆம் ஆண்டில் லீல் நகர வணிக நீதிமன்றம் தீர்ப்பளித்தது. ஒரே கூரையின்கீழ் இரண்டு பிரதிகள் இருப்பின் அவை இரண்டல்ல, ஒன்றே.

பதினேழு மாடி ஏறிய எண்ணெய்

இனி மின்சாரத்தை நோக்குவோம். ஊர் மின்சாரம் நின்றவுடன் தரவு நிலையத்தில் முதலிற் கைகொடுப்பவை மின்கலங்கள். அவை தாங்குவது சில நிமிடங்களே. அந்நிமிடங்களுக்குள் டீசல் மின்பிறப்பாக்கிகள் இயங்கத் தொடங்கிப் பாரத்தை ஏற்க வேண்டும். அதன்பின் எண்ணெய் உள்ளவரையும் கவலையில்லை. இச்சங்கிலியில் ஒரு கண்ணி அறுந்தாலும் முழுவதும் வீணே.

2012 ஒக்டோபர் 29ஆந் திகதி சாண்டி என்னும் புயல் நியூயோர்க் நகரைத் தாக்கியது. கடல் பொங்கி மன்ஹற்றன் தீவின் தென்முனைத் தெருக்களுக்குள் புகுந்தது. அங்கே புரோட் வீதி 75ஆம் இலக்கக் கட்டடத்தில் ஒரு தரவு நிலையம் இருந்தது. வெள்ளத்துக்கு அஞ்சி மின்பிறப்பாக்கியை உயரமான மாடியில் வைத்திருந்தனர். அது புத்திசாலித்தனமே. ஆயின் அதற்கு எண்ணெயை மேலேற்றும் பம்பி நிலவறையில் இருந்தது. நிலவறை வெள்ளத்தில் மூழ்கியது. மேலே மின்பிறப்பாக்கி பழுதின்றி நிற்கின்றது; கீழிருந்து எண்ணெய் வரவில்லை.

அப்போது நிகழ்ந்தது கதைபோல் இருக்கும்; ஆனால் உண்மை. அந்நிலையத்தின் ஊழியரும், அங்கே தம் கணினிகளை வைத்திருந்த நிறுவனங்களின் ஊழியரும் இருண்ட படிக்கட்டில் வரிசையாக நின்று, டீசலை வாளிகளில் நிரப்பிக் கைக்குக் கை மாற்றிப் பதினேழு மாடிகளுக்கு மேல் ஏற்றினர். அடுத்து வந்த நாட்களிலும் அந்த வாளி வரிசை தொடர்ந்தது. கணினிகள் நிற்கவில்லை. அவ்வுழைப்பைப் போற்றுவோம். அதே வேளையில், பம்பியின் இடத்தை முன்னரே எண்ணிப் பார்த்திருந்தால் அவ்வுழைப்பே வேண்டியிராது என்பதையும் மறக்கலாகாது.

எண்ணெயின் அருமையை இலங்கையர் பிறரிடம் கேட்டறிய வேண்டியதில்லை. 2022 மார்ச் இறுதியில் நாளொன்றுக்குப் பதின்மூன்று மணி நேரம் மின்வெட்டு. அதே காலத்தில் டீசலுக்கு மைல் நீள வரிசை. மின்சாரமும் அதற்கு மாற்றான எண்ணெயும் ஒருங்கே அற்றுப்போகும் காலமும் வரும் என்பதை அன்று கண்டோம். ஆகவே, “மின்பிறப்பாக்கி இருக்கின்றது” என்பது பாதி விடையே. எண்ணெய் எத்தனை நாளைக்கு இருக்கின்றது, வீதி அடைபட்டால் யார் கொண்டுவருவர் என்பன மற்றைப் பாதி.

சிறு பகைவரையும் இகழலாகாது. 2025 பெப்ரவரி 9ஆந் திகதி பாணந்துறை உபமின் நிலையத்தில் ஒரு குரங்கு ஏற்படுத்திய கோளாறினால் நாடு முழுவதும் மின்சாரம் இழந்தது என்று அமைச்சரே கூறினார். அமெரிக்காவின் நாஸ்டாக் பங்குச் சந்தையை 1987இலும் 1994இலும் நிறுத்தியவை மின்கம்பியில் விளையாடிய அணில்கள். மனிதப் பகைவரும் உளர். 2007இற் சிக்காகோ நகரத்துத் தரவு நிலையம் ஒன்றிலே கள்வர் சுவரை வாளால் அறுத்து உட்புகுந்து, ஊழியரை மடக்கிக் கணினிகளைச் சுமந்து சென்றனர். கதவுக்குப் பூட்டிட்டோர் சுவரை எண்ணவில்லை போலும்!

காப்பே பகையாதல்

காக்க வைத்த பொருளே கேடு விளைவிப்பதும் உண்டு. கணினி அறையில் நீரை ஊற்றித் தீயணைப்பது இயலாதென்று, காற்றின் ஒட்சிசனைக் குறைத்துத் தீயை அடக்கும் வாயுவைப் பல நிலையங்கள் பயன்படுத்துகின்றன. உருமேனியத் தலைநகர் புக்காரெஸ்ற்றில், வங்கியொன்றின் தரவு நிலையத்தில் 2016 செப்டெம்பரில் இவ்வாயுக் கருவியைப் பரிசோதித்தனர். தீ இல்லை, பரிசோதனை மாத்திரமே. வாயு பீறிட்ட பேரொலியின் அதிர்வினாற் கணினிகளின் சேமிப்புத் தட்டுகள் பழுதடைந்தன. அந்த வங்கியின் சேவை பல மணி நேரம் முடங்கியது.

குளிர்ச்சாதனத்தின் கதையும் இதுவே. 2022 யூலை 19ஆந் திகதி இங்கிலாந்தின் வெப்பநிலை வரலாற்றில் முதன்முறையாக 40 பாகை செல்சியசைத் தாண்டியது. இலண்டனிலுள்ள கைஸ், சென்ற் தோமஸ் வைத்தியசாலைகளின் தரவு நிலையங்கள் இரண்டும் அன்று சூடு தாங்காது நின்றன. ஒன்று நின்றால் மற்றொன்று உதவும் என்று அமைத்தவை, ஒரே நகரத்தில், ஒரே வெயிலில், ஒரே நாளில் வீழ்ந்தன. வைத்தியர்கள் நோயாளரின் பழைய குறிப்புகளைப் பார்க்க இயலாமற் கடதாசியையும் பேனாவையும் கையிலெடுத்தனர். சேவைகள் முற்றாகச் சீராகப் பல வாரங்கள் சென்றன. தரவு என்பது வெறும் எண்ணன்று. ஒருவருக்கு எந்த மருந்து ஒவ்வாது என்ற செய்தியும் தரவே.

டேஜோன் தந்த பாடம்

இவை யாவற்றிலும் கசப்பான பாடம் தென் கொரியாவிலிருந்து வந்தது. உலகில் மிக விரைவாகக் கணினி மயமான நாடுகளுள் அது ஒன்று. அந்நாட்டு அரசாங்கத்தின் தேசிய தகவல் வள நிலையம் டேஜோன் நகரில் உள்ளது. 2022ஆம் ஆண்டிற் கக்காவோ என்னும் பிரபல செய்திச் சேவை, தனியார் தரவு நிலையமொன்றின் மின்கலத் தீயினாற் பல நாட்கள் முடங்கி, நாடே திகைத்திருந்தது. மின்கலங்களும் கணினிகளும் ஒரே இடத்தில் இருப்பது ஆபத்தென்று எல்லோரும் உணர்ந்தனர். டேஜோன் நிலையத்திலும் ஐந்தாம் மாடியிலிருந்த மின்கலங்களை வேறிடத்துக்கு மாற்றும் வேலை தொடங்கிற்று.

2025 செப்டெம்பர் 26ஆந் திகதி இரவு, அந்த மாற்றும் வேலை நடந்துகொண்டிருந்தபோதே ஒரு மின்கலம் தீப்பற்றியது. இலிதியம் மின்கலம் எரியத் தொடங்கினால் தன் வெப்பத்தால் அயலிலுள்ளதையும் மூட்டும். அணைந்தது போலிருந்து மீளவும் எரியும். தீயை முற்றாக அணைக்க ஏறத்தாழ ஒரு நாள் சென்றது. அரசாங்கத்தின் அறுநூறுக்கும் மேற்பட்ட கணினிச் சேவைகள் நின்றன. அஞ்சலக வங்கி, அடையாளச் சான்று எனப் பொதுமக்கள் அன்றாடம் நாடும் பல சேவைகள் அவற்றுள் அடங்கும்.

நின்ற சேவைகளுட் பெரும்பாலானவை மெல்ல மெல்ல மீண்டன. ஒன்று மட்டும் மீளவில்லை. அரசாங்க ஊழியர் தம் பணிக் கோப்புகளைச் சேமிப்பதற்கென அமைந்த ஜீ-டிரைவ் என்னும் களஞ்சியமே அது. அதில் 858 தெராபைற்று அளவான கோப்புகள் இருந்தன. தத்தம் மேசைக் கணினியில் வைக்காது இக்களஞ்சியத்திலேயே வைக்குமாறு ஊழியருக்கு அறிவுறுத்தப்பட்டிருந்தது. அவ்வறிவுரையைச் செவ்வனே பின்பற்றியவர்களே அதிகம் இழந்தனர். அளவிற் பெரியதாகையால் அதற்கு வெளியிடத்திற் பிரதி எடுக்கப்படவில்லை என்று கூறப்பட்டது. பிரதி எடுக்க இயலாத அளவுக்குப் பெரிய பொருளை ஒரே கூரையின்கீழ் வைக்கத் துணிந்ததே பிழை.

கடல்கொண்ட ஊர்களின் பதிவேடுகள்

இதற்கு நேர்மாறான கதையொன்று யப்பானில் உண்டு. 2011 மார்ச் 11ஆந் திகதி எழுந்த கடல்கோள், வடகீழ்க் கரையிலுள்ள ஊர்களை வாரிச் சென்றது. ரிக்குசென்தகாதா, ஒத்சுச்சி, மினாமிசன்றிக்கு, ஒனகாவா ஆகிய நான்கு உள்ளூராட்சி மன்றங்களின் குடும்பப் பதிவேடுகள் மன்றக் கட்டடங்களோடு அழிந்தன. யார் யாருக்குப் பிறந்தார், யார் யாரை மணந்தார் என்னும் செய்தி அனைத்தும் அப்பதிவேட்டிலேயே உள்ளது. குடும்பமே கடலோடு போன ஒருவருக்குத் தாம் இன்னார் மகன் என்று காட்டுவதற்கும் சான்றில்லாத நிலை.

ஆனால் அந்நாட்டு முறைப்படி, பதிவேட்டின் இரண்டாம் பிரதி நீதியமைச்சின் சட்ட அலுவலகங்களில் வைக்கப்பட்டிருந்தது. அதனைக்கொண்டு சில வாரங்களுக்குள் நான்கு ஊர்ப் பதிவேடுகளையும் மீள ஆக்கினர். கடைசிப் பிரதி எடுத்தபின் பதியப்பட்ட சிலவற்றை மட்டும் மக்கள் மீண்டும் அறிவிக்க வேண்டியிருந்தது. வேறோர் இடத்தில் வேறொருவர் கையில் ஒரு பிரதி என்னும் பழைய வழக்கமே அம்மக்களைக் காத்தது.

சில நாடுகள் இதனை எல்லைக்கு அப்பாலும் கொண்டுசென்றுள்ளன. சிறிய நாடான எஸ்தோனியா 2017இல் லக்சம்பேர்க்குடன் உடன்படிக்கை செய்து, தன் பதிவேடுகளின் பிரதியை அங்கே தூதரகத்துக்குரிய பாதுகாப்புடன் வைத்துள்ளது. உக்ரேன் 2022 பெப்ரவரியில், போர் மூளுவதற்குச் சில நாட்களுக்கு முன்னரே, அரசாங்கத் தரவை வெளிநாட்டில் வைக்கச் சட்டத்தால் வழிவிட்டது. போரின் தொடக்கத்தில் அந்நாட்டு அரசாங்கத் தரவு நிலையமொன்று ஏவுகணைக்கு இலக்காயிற்று.

திட்டம் என்பது யாது?

இவ்வளவையும் தொகுத்து நோக்கினால், அனர்த்தத் திட்டம் என்பது இரண்டு வினாக்களுக்கு முன்கூட்டியே எழுதிவைத்த விடை என்பது புலனாகும். வீழ்ந்தால் எவ்வளவு நேரத்துக்குள் எழவேண்டும்? எவ்வளவு நாள் வேலையை இழக்கத் துணிவோம்? வைத்தியசாலை ஒரு மணி நேரமும் பொறுக்காது. பாடசாலை நூலகப் பட்டியல் ஒரு வாரம் பொறுக்கும். விடைக்கேற்பவே செலவு அமையும்.

அடுத்து ஒத்திகை. மீட்டுப் பார்க்காத பிரதி, பிரதி உண்டென்ற நம்பிக்கையே அன்றிப் பிரதியன்று. நம் நாட்டிலும் 2023ஆம் ஆண்டில் அரசாங்க மின்னஞ்சற் சேவை, தரவைப் பூட்டிப் பணயம் கேட்கும் தாக்குதலுக்கு உள்ளானபோது, மே நடுப்பகுதி முதல் ஓகஸ்ற் வரையான கடிதங்களுக்கு மாற்றுப்பிரதி இருக்கவில்லை. ஏறத்தாழ 5,000 முகவரிகள் பாதிக்கப்பட்டன. தீயாயினும் திருட்டாயினும் மருந்து ஒன்றே.

அம்மாவின் பை

இவற்றை எழுதும்போது என் தாயாரின் நினைவு வருகின்றது. 1995 ஒக்டோபர் 30ஆந் திகதி இரவு, மழையில், வலிகாமத்து மக்கள் இலட்சக்கணக்கில் வீட்டை விட்டு வெளியேறினர். நான் அப்போது பள்ளி மாணவன். தாயார் ஒரு பொலித்தீன் பையை மார்போடு அணைத்தபடி நடந்தார். காணி உறுதி, எங்கள் பிறப்பு அத்தாட்சிப் பத்திரங்கள், அக்காவின் பரீட்சைச் சான்றிதழ் யாவும் அதில் இருந்தன. அவற்றின் நிழற்படப் பிரதிகளைச் சில மாதங்களுக்கு முன்னரே கொழும்பிலிருந்த மாமாவுக்கு அனுப்பியிருந்தார் என்பதைப் பின்னரே அறிந்தேன். அவர் தரவு நிலையம் என்ற சொல்லையே கேட்டதில்லை. ஆயினும் எதை முதலிற் காக்கவேண்டும், பிரதியை எவ்வளவு தொலைவில் வைக்கவேண்டும் என்பன அவருக்குத் தெரிந்திருந்தன.

ஒன்றை மட்டும் அவர் மறந்தார். சுவரில் மாட்டியிருந்த அப்பப்பாவின் படம். அது ஒன்றே ஒன்றுதான் இருந்தது. நாங்கள் திரும்பி வந்தபோது கூரையும் இல்லை, படமும் இல்லை. அவர் முகம் எப்படி இருந்தது என்று என் பிள்ளைகளுக்குச் சொல்ல இன்று என்னிடம் சொற்களே உள்ளன.

ஓர் ஊருக்கு நேர்ந்ததும் இதுவே. 1981இல் யாழ்ப்பாணப் பொது நூலகம் எரிக்கப்பட்டபோது 97,000 நூல்கள் சாம்பராயின என்பர். வேறிடத்திற் பிரதியிருந்த அச்சு நூல்களை மீண்டும் வாங்கலாம். ஒரே பிரதியாக இருந்த ஏடுகளை எங்கே வாங்குவது? 2005இல் தொடங்கப்பெற்ற நூலகம் என்னும் இணைய நூலகம் ஈழத்து எழுத்துகளை எண்ணிம வடிவிற் பேணிவருவது அவ்விழப்பிற் கற்ற பாடத்தின் பயனே எனலாம்.

ஆதலால் மாணவர்களே, பெற்றோர்களே, இவ்வாரமே ஒரு வேலை செய்யுங்கள். வீட்டிலுள்ள மூத்தோர் படங்களையும் முக்கிய பத்திரங்களையும் எடுத்து மூன்று பிரதிகளாக்குங்கள். அவற்றை இருவேறு வகையான சேமிப்பில் வையுங்கள். ஒன்றேனும் வேறோர் ஊரில், நம்பிக்கையான உறவினர் வீட்டில் இருக்கட்டும். ஆண்டுக்கொரு முறை திறந்து பாருங்கள். இதற்கு ஆகும் செலவு சிறிது.

கிணற்றில் தொலைபேசியைப் போட்ட மாணவனிடம் இக்கதைகளைச் சொன்னேன். மறுவாரம் அவன் வந்து, “சேர், அம்மம்மாவின் கலியாணப் படத்தைப் பிரதி எடுத்து வவுனியாவிலிருக்கும் சித்தியிடம் கொடுத்துவிட்டேன்” என்றான். முகில் எங்கே இருக்கின்றது என்று இம்முறை நான் கேட்கவில்லை.